குளிர் ஊர்ல நீர்க்கடுப்பு: வீட்டு வைத்தியம் எதுவரைக்கும் கை கொடுக்கும்

காய்ச்சல் வந்தா பக்கத்து வீடு வரைக்கும் சொல்லுவோம், கால்ல முள்ளு குத்தினா கூட நாலு பேர் வந்து பார்ப்பாங்க, ஆனா ஒண்ணுக்குப் போற இடத்துல எரியுதுன்னா மட்டும் வாயைத் திறக்க மாட்டோம். எங்க கோத்தகிரி பக்கம் தோட்டத் தொழிலாளர்ங்க வரிசையா குடியிருக்கிற லைன் வீடுகள்ல நான் பார்த்த வரைக்கும் இந்த யூரின் இன்ஃபெக்ஷன் வராத பொம்பளைங்க குறைவு, வந்தவங்கள்ல அதை வெளிய சொன்னவங்க அதைவிடக் குறைவு. நான் ஒரு டீ ஃபேக்டரியில இலை கணக்கு எழுதுற வேலையில இருக்கேன், எங்க அம்மா காலம் பூரா கொழுந்து பறிச்சவங்க, என் மாமியார் இப்பவும் சொந்தமா இருக்கிற கொஞ்சூண்டு தோட்டத்துல பறிக்கிறாங்க. எனக்கு இது திரும்பத் திரும்ப வந்திருக்கு, வீட்டு வைத்தியமும் பார்த்திருக்கேன், ஆஸ்பத்திரியும் பார்த்திருக்கேன். எது உதவுச்சு, எங்க நிறுத்திட்டு டாக்டர்கிட்ட ஓடணும்னு விவரமா எழுதறேன், ஏன்னா நெட்ல கிடைக்கிறது பூரா வெயில் ஊருக்காரங்களுக்கு எழுதினது, "உடம்பு சூடு, இளநி குடிங்க"ன்னு முடிச்சிடுறாங்க, ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கிற நமக்கு ஏன் வருதுன்னு யாரும் சொல்றதில்ல.

நம்ம ஊர்ல முதல் பிரச்சனை, தாகமே எடுக்காது. டிசம்பர் ஜனவரியில புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும், அந்த நேரத்துல யாருக்கு பச்சைத் தண்ணி குடிக்கத் தோணும், காலையில ஒரு டீ, பத்து மணிக்கு ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ, அவ்வளவுதான் உள்ள போற தண்ணி. ஆனா குளிர்ல உடம்பு ஒண்ணுக்கு அதிகமாத்தான் பிரிக்கும், தோல் பக்கம் போற ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் உள்பக்கம் சேர்றதால கிட்னி தண்ணியை எடுத்து வெளிய தள்ளிடும். அதாவது உள்ள போறது கம்மி, வெளிய போறது ஜாஸ்தி, அதையும் போக விடாம நாம அடக்கி வைக்கிறோம்.

அடக்குறது ஏன்னு இங்க வேலை செய்ற பொம்பளைங்களுக்கு சொல்லவே வேண்டாம். தேயிலைக் காட்டுக்குள்ள இறங்கிட்டா பக்கத்துல பாத்ரூம் கிடையாது, செடி மறைவுக்குப் போகணும்னா காட்டெருமை நிக்குதா கரடி படுத்திருக்கான்னு பார்க்கணும், மழைக்காலத்துல கூடலூர் பந்தலூர் பக்கம்னா அட்டை வேற. மேஸ்திரி ஆம்பளை, கூட வேலை செய்ற ஆம்பளைங்க இருக்காங்க, அதனால காலையில இலை எடை போடுற வரைக்கும் அடக்கு, அப்புறம் மதியம் வரைக்கும் அடக்கு. 1951ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே வேலை செய்ற இடத்துல குடிதண்ணியும் கக்கூஸும் கொடுக்கணும்னு எழுதி வச்சாங்க, ஆனா அது பெரிய எஸ்டேட்டுக்கான சட்டமா இருந்துச்சு, எங்க வீட்டு மாதிரி ரெண்டு ஏக்கர் ஒரு ஏக்கர் வச்சிருக்கிற சின்ன விவசாயி தோட்டத்துக்கு எட்டலை. கூலிக்கு வர்ற அக்காங்க எங்க போவாங்கன்னு தோட்டக்காரங்க யோசிக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருக்கேன், ஒரு தகரத் தடுப்பும் ஒரு குடம் தண்ணியும் இருந்தா கூட பெரிய உபகாரம். மேட்டுப்பாளையம் பஸ் ஏறணும்னாலும் இதே கதைதான், முந்தின ராத்திரியில இருந்தே தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுவோம்.

சரி, வந்தா எப்படி இருக்கும்னா, எனக்கு முதல்ல அடிவயிறு கனமா இருக்கும், அப்புறம் ஒண்ணுக்குப் போற இடத்துல மிளகாய்ப்பொடி பட்ட மாதிரி எரிச்சல், போயிட்டு வந்து உக்காந்த உடனே திரும்ப வர்ற மாதிரி இருக்கும், போனா நாலு சொட்டுதான் வரும், அதுவும் கலங்கலா, வாடையா. ராத்திரி குளிர்ல கம்பளியை விலக்கிட்டு திரும்பத் திரும்ப எந்திரிச்சுப் போறது இருக்கே, அது அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலும் இதுக்குக் காரணம் நம்ம குடல்லயே இருக்கிற ஈ கோலைங்கிற கிருமி, பின்பக்கத்துல இருந்து முன்பக்கம் வந்து மேல ஏறிடும், பொம்பளைங்களுக்கு ஒண்ணுக்கு வெளிய வர்ற குழாய் நாலு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கிறதால ஆம்பளைங்களைவிட நமக்கு சுலபமா வந்திடும். சுத்தமில்லாதவங்களுக்குத்தான் வரும்னு பேசுறது தப்பு. தினமும் குளிக்கிறவங்களுக்கும் வரும், கல்யாணமான புதுசுல நிறைய பேருக்கு வரும், அதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல. புருஷன்கூட இருந்த பிறகு உடனே எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிட்டு வந்து படுங்கன்னு எந்த அம்மாவாவது பொண்ணுக்கு சொல்லி அனுப்பினா எவ்வளவோ நல்லா இருக்கும்.

எனக்கு வந்தப்ப அத்தைதான், அதான் என் மாமியார், முதல்ல கண்டுபிடிச்சாங்க. "ஏம்மா இத்தன தடவ எந்திரிச்சுப் போற, கடுக்குதா"ன்னு கேட்டுட்டு, நான் தலையாட்டின உடனே வெத்தலைப் பெட்டியில இருந்து சுண்ணாம்பை எடுத்து கால் கட்டைவிரல் நகத்துல தடவி விட்டாங்க, தொப்புள்ல விளக்கெண்ணெய் வச்சாங்க. "சூடு இறங்கிடும், பயப்படாத"ன்னாங்க. சுண்ணாம்பு கிருமியை ஒண்ணும் செய்யாது, கால்ல தடவினது மூத்திரப் பைக்கு எப்படிப் போகும், ஆனா நகத்து மேல கொஞ்சமா வச்சா கெடுதலும் இல்ல, அத்தை பக்கத்துல உக்காந்து காலைப் பிடிச்சுவிட்டது எனக்கு அன்னைக்கு தெம்பா இருந்துச்சு. அப்புறம் அவங்க செஞ்சதுதான் உண்மையிலேயே வேலை செஞ்சது, பார்லி தண்ணி.

பார்லி தண்ணி வைக்கிறது நம்ம ஊர்ல கொஞ்சம் வேற மாதிரி. கோத்தகிரி கிட்டத்தட்ட 6,000 அடி உயரம், இங்க தண்ணி 94 டிகிரி செல்சியஸ் கிட்டயே கொதிச்சிடும், அதனால திறந்த பாத்திரத்துல வச்சா பார்லி வேக ரொம்ப நேரம் ஆகும், கேஸ்தான் வீண். ரெண்டு கரண்டி பார்லியை லேசா வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, கழுவி, ஒரு லிட்டருக்கு மேல தண்ணி விட்டு குக்கர்ல போட்டு நாலஞ்சு விசில் விட்டு இறக்கணும். மூடியைத் திறந்தா வழவழன்னு கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கும், அதை வடிகட்டி இன்னும் தண்ணி கலந்து ஒரு சிட்டிகை சீரகத்தூள் போட்டு ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்சுக்கணும். அத்தை ஒரு டம்ளர் முடிஞ்ச உடனே அடுத்த டம்ளரைக் கையில கொடுத்துடுவாங்க, வேண்டாம்னா விட மாட்டாங்க. சர்க்கரை போடாதீங்க. உப்பு கூட பேருக்குத்தான். சுகர் இருக்கிறவங்க பார்லித் தண்ணியில மாவுச்சத்து இருக்குங்கிறதை கணக்குல வச்சுக்கோங்க.

இதுல எனக்குப் புரிஞ்சது என்னன்னா பார்லி, சீரகத்தண்ணி, கொத்தமல்லி வெதை ஊறவச்ச தண்ணி, நீர்மோர், வாழைத்தண்டு ஜூஸ், எதைக் குடிச்சாலும் உள்ள வேலை செய்றது தண்ணிதான். தண்ணி நிறைய போனா ஒண்ணுக்கு நிறைய வரும், வர வர கிருமி அடிச்சிட்டு வெளிய போகும், எரிச்சலும் குறையும். பச்சைத் தண்ணி குடிக்க முடியாத குளிர் ஊர்ல சூடா வாசமா ஏதாவது இருந்தா குடிச்சிடுவோம், அதுதான் இந்த வைத்தியத்தோட பலம். நர்சிங் படிச்ச நாத்தனார் பொண்ணு ஒரு ஆராய்ச்சி பத்தி சொன்னா, 2018ல வந்தது, அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன் வர்ற, தண்ணி கம்மியா குடிக்கிற 140 பொம்பளைங்களை எடுத்து பாதி பேரை வழக்கத்தைவிட தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணி கூடுதலா குடிக்க வச்சாங்களாம், ஒரு வருஷத்துல அவங்களுக்கு சராசரியா 1.7 தடவை வந்துச்சு, மத்தவங்களுக்கு 3.2 தடவை. கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு, வெறும் தண்ணியில. ஆனா இதுல ஒண்ணு கவனிக்கணும், அது வராம தடுக்கிறதுக்கு. வந்த பிறகு தண்ணி மட்டுமே குணப்படுத்திடும்னு அர்த்தம் இல்ல.

மத்த வைத்தியம் எல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். வாழைத்தண்டு கீழ மேட்டுப்பாளையத்துல இருந்து வரணும், கிடைச்சா சமைச்சு சாப்பிடுங்க, நல்லதுதான், கிருமியைக் கொல்லும்னு நம்பாதீங்க. இளநியும் அப்படித்தான், கிட்னி பிரச்சனை இருக்கிறவங்களும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களும் இளநி அதிகமா குடிக்கக் கூடாது, அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. நெருஞ்சி முள் கஷாயம் ஒண்ணுக்கு நல்லா பிரிய வைக்கும்னு குடிப்பாங்க, மாசமா இருக்கிறவங்க அதுகிட்ட போகவே வேண்டாம். சோடா உப்பு கலக்கிக் குடிக்கிறதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், பிரஷர் இருக்கிறவங்களுக்கு ஆபத்து. கிரான்பெரி ஜூஸ் ஊட்டி குன்னூர் பெரிய கடைங்கள்ல டப்பாவுல விக்குது, விலையும் ஜாஸ்தி சர்க்கரையும் ஜாஸ்தி. 2023ல காக்ரேன்ங்கிற அமைப்பு பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, அடிக்கடி வர்ற பொம்பளைங்களுக்கு கிரான்பெரி மறுபடி வர்றதைக் கொஞ்சம் குறைக்குதுன்னு சொல்லியிருக்காங்க, வந்த இன்ஃபெக்ஷனை அது சரி பண்ணாது. வசதி இருந்தா வாங்குங்க, இல்லைன்னா ஏங்க வேண்டாம்.

என்னைக் கேட்டா எரிச்சல் நேரத்துல உடனே சுகம் கொடுக்கிறது ரப்பர் பையில ஊத்தின சுடுதண்ணிதான். நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் படுக்கையை சூடு பண்ண அந்தப் பை இருக்கும், அதுக்கு ஒரு துணி சுத்தி அடிவயித்துல வச்சுக்கிட்டு படுத்தா அந்த இழுக்கிற வலி அடங்கும். வலிக்கு பாராசிட்டமால் போட்டுக்கலாம். அந்த ரெண்டு மூணு நாளைக்கு டீயும் காப்பியும் குறைச்சுக்கோங்க, டீ ஊர்ல இருந்துட்டு இதைச் சொல்றது கஷ்டம்தான், ஆனா கடுப்பு இருக்கிறப்ப ஸ்ட்ராங் டீ குடிச்சா எனக்கு இன்னும் அவசரமா வரும், மொளகாயும் அப்படித்தான். கிருமிநாசினி ஊத்தின தண்ணியில கழுவுறதை மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க, தோல் வெந்து போய் எரிச்சல் ரெண்டு மடங்காகும், வெறும் தண்ணி போதும். மழைக்காலத்துல துணி காயாம ஈரத்தோட உள்ளாடை போடுறது நம்ம ஊர் வழக்கமாவே ஆயிடுச்சு, அதனால வர்றது பெரும்பாலும் அரிப்பும் வெள்ளையா கட்டிகட்டியா படியுறதும், அது வேற, ஃபங்கஸ், அதுக்கு மருந்தும் வேற. அரிப்பா எரிச்சலான்னு பிரிச்சுச் சொன்னா டாக்டருக்கு பாதி வேலை மிச்சம்.

இப்ப முக்கியமான விஷயம். இந்த வீட்டு வைத்தியத்தை எவ்வளவு நேரம் பார்க்கலாம்? வேற வியாதி எதுவும் இல்லாத, மாசமா இல்லாத பொம்பளைக்கு, காய்ச்சல் இல்லாம லேசான எரிச்சல் மட்டும்னா ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள். ஜெர்மனியில 494 பொம்பளைங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி நடந்து 2015ல வெளிவந்துச்சு, பாதி பேருக்கு ஆன்டிபயாட்டிக், பாதி பேருக்கு வெறும் வலி மாத்திரை. வலி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேருக்கு ஆன்டிபயாட்டிக் இல்லாமலே சரியாயிடுச்சு. அதே சமயம் கிட்னி வரைக்கும் இன்ஃபெக்ஷன் ஏறினது அந்தப் பக்கம் 5 பேருக்கு, ஆன்டிபயாட்டிக் பக்கம் ஒருத்தருக்குத்தான். பார்லி குடிச்சு சரியாச்சுன்னு சொல்றவங்க பொய் சொல்லலை, நிறைய பேருக்குத் தானாவே சரியாகும். ஆகாம மேல ஏறுறவங்க யாருன்னு முன்னாடியே சொல்ல முடியாது, அதனாலதான் கண்ணு வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

மேல ஏறினதை நம்ம ஊர்ல கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம், இதை நான் என் சித்திகிட்ட பார்த்தேன். கிட்னிக்கு ஏறினா குளிர் நடுக்கம் வரும், காய்ச்சல் வரும், வாந்தி வரும், முதுகுல விலாவுக்குக் கீழ ஒரு பக்கமா வலிக்கும். சித்திக்கு எல்லாமே வந்துச்சு. நடுங்குறாங்களா, பனிக்காலம், குளிருதுன்னு இன்னொரு கம்பளி போட்டாங்க. முதுகு வலியா, அவங்க நாள் பூரா இலை மூட்டை தூக்குறவங்க, அவங்களுக்கு முதுகு வலிக்காத நாளே இல்ல, தைலம் தேய்ச்சு விட்டாங்க. அவங்க மக எதுக்கோ தொட்டுப் பார்த்துட்டு உடம்பு கொதிக்குதேன்னு சொன்ன பிறகுதான் காய்ச்சல்னே தெரிஞ்சது, ராத்திரியே 108 கூப்பிட்டு ஆஸ்பத்திரியில சேர்த்து டிரிப்ஸ், ஊசின்னு போட்டு காப்பாத்தினாங்க. அதனால நடுங்கினா கம்பளிக்கு முன்னாடி தெர்மாமீட்டர் எடுங்க. வேலை வலி ரெண்டு பக்கமும் இடுப்புப் பக்கம் இருக்கும், குனிஞ்சு நிமிர்ந்தா கூடும். கிட்னி வலி பெரும்பாலும் ஒரு பக்கம், எப்படிப் படுத்தாலும் இருக்கும், அந்த இடத்துல லேசா தட்டினாலே சுருக்குன்னு வலிக்கும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல காய்ச்சலோ நடுக்கமோ வந்துட்டா பார்லி, சீரகம் எல்லாத்தையும் வச்சுட்டுக் கிளம்பிடணும், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

சிலர் வீட்டு வைத்தியம் ஆரம்பிக்கவே கூடாது. மாசமா இருக்கிறவங்க முதல் ஆள், அவங்களுக்கு எரிச்சலே இல்லாம யூரின்ல கிருமி இருந்தாலும் மருந்து கொடுத்தே ஆகணும், அதுக்காகத்தான் செக்கப் போறப்ப யூரின் டெஸ்ட் எடுக்கிறாங்க, அதைத் தட்டிக் கழிக்காதீங்க. ஆம்பளைங்க, சின்னப் பிள்ளைங்க, சுகர் இருக்கிறவங்க, கிட்னி கல்லு இருக்கிறவங்க, ஒண்ணுக்குப் போக டியூப் போட்டிருக்கிறவங்க, ஒண்ணுக்குல ரத்தம் வர்றவங்க, இவங்க எல்லாரும் நேரா டாக்டர்தான். இதய வீக்கம், கிட்னி ஃபெயிலியர்னு தண்ணியை அளந்து குடிக்கச் சொல்லியிருக்கிறவங்க நான் மேல சொன்ன மாதிரி லிட்டர் கணக்குல குடிக்கவே கூடாது.

மெடிக்கல் ஷாப்ல "யூரின் கடுப்புக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க"ன்னு வாங்குறது இங்க சாதாரணம், எனக்கும் ஒரு கடையில அப்படித்தான் கவர்ல போட்டு பேர் கூட இல்லாம கொடுத்தாங்க. எரிச்சல் நின்னுச்சு, கொஞ்ச நாள்ல திரும்ப வந்துச்சு, அப்புறம் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கல்ச்சர் எழுதிக் கொடுத்தாங்க. கல்ச்சர்ங்கிறது நம்ம கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு சாகுதுன்னு பார்க்கிற டெஸ்ட், ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதுல பார்த்தா வழக்கமா எல்லாரும் வாங்கி முழுங்குற சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாட்டிக்குக்கு என் கிருமி அசையவே இல்ல. எனக்கு நைட்ரோஃபுரன்டாயின்ங்கிற வேற ஆன்டிபயாட்டிக் கொடுத்து அஞ்சு நாளும் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னாங்க, "யூரின் கலர் கருமஞ்சளா போகும், பயந்துடாதம்மா"ன்னு அவங்களே முன்னாடி சொல்லிட்டாங்க. எரிச்சல் ரெண்டாவது நாளே போயிடுச்சு, மிச்ச மாத்திரையையும் போட்டு முடிச்சேன். எரிச்சலுக்குன்னு கடையில கொடுக்கிற சிட்ரேட் சிரப் இருக்கில்ல, அதை இந்த மாத்திரைகூட சேர்த்துக் குடிக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, அந்த சிரப் யூரினோட அமிலத்தன்மையைக் குறைக்கும், அது குறைஞ்சா இந்த மருந்தோட வேகமும் குறையும்.

யூரின் பிடிச்சுக் கொடுக்கிறதுல ஒரு நுணுக்கம் இருக்கு, நம்ம மாதிரி லேபுக்கு பஸ் ஏறிப் போறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஆன்டிபயாட்டிக் போடுறதுக்கு முன்னாடி எடுக்கணும். தண்ணியில கழுவிட்டு முதல்ல கொஞ்சம் கீழ விட்டுட்டு நடுவுல வர்றதை மட்டும் லேப்ல கொடுத்த டப்பாவுல பிடிக்கணும், வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் வேண்டாம். ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்ல கொடுத்துடணும், முடியலைன்னா ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். ஊர்ல காலையிலேயே பிடிச்சு பையில வச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போறதைவிட லேபுக்குப் போய் அங்கயே கொடுக்கிறதுதான் சரி.

வயசானவங்க பத்தி கடைசியா. மாதவிடாய் நின்ன பிறகு அந்த இடம் வறண்டு போறதால அடிக்கடி வரும், அதுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கு, உள்ள வைக்கிறது, மறுபடி மறுபடி வர்றதை அது நல்லாவே குறைக்கும், எங்க அத்தை முதல்ல "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு"ன்னாங்க, இப்ப ஒழுங்கா வச்சுக்கிறாங்க. அதே மாதிரி வயசானவங்களுக்கு எரிச்சல், காய்ச்சல்னு எதுவுமே இல்லாம சும்மா எடுத்த டெஸ்ட்ல பஸ் செல்ஸ் (சீழ் செல்) இருக்கு, கிருமி இருக்குன்னு வந்தா பெரும்பாலும் அதுக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. ரிப்போர்ட்டைப் பார்த்து நாமளே மெடிக்கல் ஷாப்ல போய் மாத்திரை வாங்காம, தொந்தரவு எதுவும் இல்லாதப்ப மருந்து வேணுமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, சந்தேகம்னா அரசு மருத்துவ ஆலோசனை நம்பர் 104க்கு போன் போட்டாலும் தமிழ்லயே பொறுமையா சொல்லுவாங்க.